விற்பதா, வைத்திருப்பதா: சென்னைச் சிறு முதலீட்டாளர்களின் பங்குச் சந்தை வாதங்கள்

கையில் உள்ள பங்கை விற்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்பது பங்குச் சந்தை தோன்றிய காலம் முதல் தீராத வாதம். பங்குச் சந்தையைப் பற்றிய முதல் நூல் எனக் கருதப்படும் 'குழப்பங்களின் குழப்பம்' 1688இல் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம் சந்தையைப் பற்றி ஜோசப் டி லா வேகா ஸ்பானிய மொழியில் எழுதிய அந்நூல், ஒரு தத்துவவாதியும் ஒரு வணிகரும் ஒரு பங்கு வியாபாரியும் தமக்குள் வாதிடும் உரையாடலாகவே அமைந்தது.

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. தரகர்களும் நிதி மேலாளர்களும் தொழிலாகச் செய்வது வேறு. சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைக் கொண்டோ பங்கு வாங்கிய சாதாரண மக்கள் தமக்குள் நடத்திய வாதங்களே இக்கட்டுரையின் பொருள். சென்னையின் மேற்குப் புறநகரான பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் இதில் தனி இடம் பெறுகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பல நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இங்கு வசிப்போரின் கண்ணெதிரிலேயே இருக்கின்றன. இத்தனை ஆண்டு வாதங்களிலும் ஒரு குறை தொடர்ந்து இருந்தது. வாதிடுபவர் எவரும் தம் கணக்கைக் காட்டியதில்லை. அந்தக் கணக்கு 2023இல்தான், அதுவும் வேறொருவர் கையால், வெளிவந்தது.

கப்பல் பங்கு

தமிழ்நாட்டில் பங்கு என்ற சொல்லைச் சந்தைக்கு வெளியே இருந்த மக்களிடம் கொண்டுசென்றவர் வ.உ. சிதம்பரனார். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டிய பிரிட்டிஷ் கம்பெனியை எதிர்த்து இயங்குவதே நோக்கம். பங்கு வாங்கியவர் ஈவுத்தொகையையும் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் அவரிடம் கேட்கப்பட்டது நாட்டுப்பற்று.

இரண்டும் ஒன்றோடொன்று மோதின. பிரிட்டிஷ் கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கட்டணம் இறங்க இறங்கப் பயணிகளுக்கு லாபம், பங்குதாரருக்கு நஷ்டம். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குதாரர் என்பவர் ஒரு முயற்சியின் உடைமையாளரா, அல்லது போட்ட பணத்தைக் காத்துக்கொள்ள வேண்டியவரா என்ற கேள்வி தமிழகத்தில் முதன்முதலில் கூர்மையாக எழுந்தது இங்கேதான் எனலாம்.

அதே 1906 அக்டோபரில்தான் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி திவாலானது. பத்திரமான இடம் என்று நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். மறு ஆண்டு இந்தியன் வங்கி தோன்றியதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். பங்கு ஆபத்து, வங்கி பத்திரம் என்ற எளிய பிரிவினை ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் ஆட்டம் கண்டது.

செகண்ட் லைன் பீச்

சென்னையின் முதல் பங்குச் சந்தை 1920இல் 100 உறுப்பினர்களுடன் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஏற்றம் அடங்கியதும் உறுப்பினர் எண்ணிக்கை கரைந்து, 1923இல் 3 பேர் மட்டுமே எஞ்ச, சந்தை மூடப்பட்டது. ஏற்றத்தில் கூட்டம் சேர்வதும் இறக்கத்தில் கலைவதும் பின்னால் பலமுறை நடந்தது என்றாலும், நூறு மூன்றான கணக்கு இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் பதிவாகவில்லை.

தென்னிந்தியாவில் நூற்பாலைகளும் தேயிலை, காப்பித் தோட்டக் கம்பெனிகளும் பெருகியபின் 1937இல் சந்தை மீண்டும் அமைந்தது. 1956ஆம் ஆண்டுப் பங்கு ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் 1957இல் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது. பாரிமுனை அருகே செகண்ட் லைன் பீச்சில் இருந்த கட்டடத்தில், தரகர்கள் கூவி விலை பேசி வியாபாரம் செய்தனர்.

புறநகரில் வசித்த ஒருவர் அந்தக் காலத்தில் பங்கு வாங்குவது மெதுவான வேலை. தரகரிடமோ துணைத் தரகரிடமோ சொல்ல வேண்டும். பங்குச் சான்றிதழ் காகிதமாக வரும். அதோடு பெயர் மாற்றுப் படிவத்தை இணைத்து, முத்திரைத்தாள் ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்பினால், பெயர் மாறித் திரும்பி வர வாரங்களோ மாதங்களோ ஆகும். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பி வந்துவிடும். இத்தனை தொல்லைக்குப் பின் வாங்கிய பங்கை எவரும் மறுநாளே விற்க நினைப்பதில்லை. வைத்திருப்பது கொள்கையாக இருந்ததைவிட, விற்பதில் இருந்த சிரமத்தின் விளைவாகவே பெரும்பாலும் இருந்தது. 'அந்தக் காலத்து ஆட்கள் பொறுமைசாலிகள்' என்று இன்று சொல்லப்படுவதில் பாதி, தபால் துறையின் வேகத்தைப் பற்றிய பாராட்டுதான்.

பாடி முதல் ஆவடி வரை

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணியிலான சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே வட்டாரம் அடுத்த பத்தாண்டுகளில் தனியார் கூட்டுப் பங்கு நிறுவனங்களின் தொழிற்பேட்டையாக வளர்ந்தது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இலேயே வந்துவிட்டது. 1959இல் டன்லப் டயர் தொழிற்சாலை வந்தது. 1960களில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் அவற்றுக்குப் பொருள் செய்து கொடுத்தன. ஆவடியில் அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைத் தயாரித்தது.

இந்த வட்டாரத்தில் பங்கு பற்றிய பேச்சுக்கு ஒரு தனி வகை வாதம் கிடைத்தது. அதைக் 'கேட்டு வாசல் வாதம்' என்று அழைக்கலாம். தொழிற்சாலை வாசலில் நிற்கும் லாரிகளின் எண்ணிக்கை, மூன்றாவது ஷிஃப்ட் ஓடுகிறதா, ஓவர்டைம் கிடைக்கிறதா, துணை ஒப்பந்தப் பட்டறைக்குப் பில் பணம் நேரத்துக்கு வருகிறதா என்பவற்றை வைத்து அந்த நிறுவனத்தின் பங்கை மதிப்பிடும் முறை அது. மும்பையில் உட்கார்ந்திருக்கும் ஆய்வாளருக்குத் தெரியாதது பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரியும் என்பது இதன் அடிப்படை.

வாதத்தில் உண்மை இருக்கிறது, ஓட்டைகளும் இருக்கின்றன. கண்ணில் படும் தொழிற்சாலைகளில் எல்லாம் பங்கு வாங்க முடியாது. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை சந்தையில் பட்டியலிடப்படாதவை. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபரில் ஏ.வி.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் பகுதியானது. பெயரில் நிறுவனமானாலும் பங்கு முழுவதும் அரசிடமே இருக்கிறது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. ஓவர்டைம் இந்த மாத உற்பத்தியைச் சொல்லும். நிறுவனத்தின் கடனையும், அதை யார் வாங்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லாது.

டன்லப் அதற்குச் சான்று. ஒரு காலத்தில் நாட்டின் முன்னணி டயர் நிறுவனம். 1980களின் நடுவில் கை மாறியது. 1990களின் இறுதியில் ஆலைகள் மூடப்பட்டன. 2005இல் மீண்டும் கை மாறித் திறந்தது. திறந்த கதவைப் பார்த்து நம்பிக்கை கொள்வதற்குக் காரணம் இருந்தது. 2012இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஒரு நிறுவனத்தில் வேலையும் செய்து அதன் பங்கிலேயே சேமிப்பையும் வைப்பவருக்கு, கதவு மூடும்போது இரண்டும் சேர்ந்தே போகும். 2001இல் அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபோது அதன் ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்புக்கு நேர்ந்தது இதுதான்.

வீட்டுக்குள் நடந்த வாதம் வேறு. இங்கு பங்குக்கு எதிரி இன்னொரு பங்கு அல்ல, மனை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அப்பால் மனைப்பிரிவுகள் விரிந்துகொண்டே போன வட்டாரத்தில், 'அந்தப் பணத்தில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்' என்ற பேச்சுக்கு மறுமொழி சொல்வது எளிதல்ல. மனைக்கு அன்றாடம் விலை அறிவிக்கப்படுவதில்லை. அதனால் அது இறங்கியதாக எவருக்கும் தோன்றுவதும் இல்லை. பங்கு வைத்திருப்பவர் மட்டும் தம் நஷ்டத்தைத் தினமும் செய்தித்தாளில் படிக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பப் படிவக் காலம்

1973ஆம் ஆண்டு அன்னியச் செலாவணிச் சட்டம் பல வெளிநாட்டு நிறுவனங்களைத் தம் இந்தியக் கிளைகளில் பங்கைக் குறைத்துப் பொதுமக்களுக்கு விற்க வைத்தது. விலையை நிர்ணயித்தது மத்திய அரசின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அலுவலகம். அது பெரும்பாலும் சந்தை தரக்கூடிய விலையைவிடக் குறைவாகவே நிர்ணயித்தது. ஆகவே புதிய வெளியீட்டில் பங்கு கிடைத்தாலே லாபம் என்ற நிலை உருவானது. 1977இல் ரிலையன்ஸ் வெளியீடும் வந்தபின், விண்ணப்பப் படிவம் நிரப்புவது நடுத்தரக் குடும்பங்களின் பழக்கமாயிற்று. வாதம் அப்போது எளிமையானது: ஒதுக்கீடு கிடைத்ததும் விற்பதா, சில ஆண்டு வைப்பதா? எதைச் செய்தாலும் பெரும்பாலும் லாபம் என்பதால் இரு தரப்பும் தம்மைக் கெட்டிக்காரர்களாக நினைத்துக்கொள்ள முடிந்தது.

1992இல் இந்த ஏற்பாடு முடிந்தது. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. விலையை நிறுவனங்களே வைக்கலாம் என்றானது. 1988இல் அமைக்கப்பட்ட செபி, 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. அதே ஆண்டு ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தது. அந்த ஏற்றத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த ஏ.சி.சி. பங்கு 9,000 ரூபாய் வரை சென்றது. அதற்கு ஒரு காரணமும் சொல்லப்பட்டது: இதே அளவு சிமெண்ட் ஆலையை இன்று புதிதாகக் கட்டினால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டுப் பங்கை மதிப்பிட வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமான வாதம். வங்கிப் பணம் முறைகேடாகப் பாய்ந்ததால்தான் விலை ஏறியது என்பது பின்னர் தெரிந்தது. விலை ஏறும்போது அதற்கேற்ற தத்துவம் பின்னாலேயே வந்து சேரும் என்பதைச் சிறு முதலீட்டாளர்கள் இங்கே கற்றிருக்கலாம், கற்றதாகத் தெரியவில்லை.

அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான புதிய வெளியீடுகள் வந்தன. பணம் திரட்டியபின் முகவரியிலேயே இல்லாமல் போன 200க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு 'மறைந்த நிறுவனங்கள்' என்று அரசே பெயர் வைக்க வேண்டியிருந்தது. விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்விக்கே இடமில்லை. வாங்க ஆளில்லாத சான்றிதழ்கள் பல வீடுகளின் பீரோக்களில் தங்கிவிட்டன.

திரை வந்த பின்

1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியது. 1996இல் என்.எஸ்.டி.எல். வந்து, பங்குகள் காகிதத்திலிருந்து டீமேட் கணக்குக்கு மாறத் தொடங்கின. சென்னையில் உட்கார்ந்தபடி மும்பை விலைக்கு வாங்க முடிந்ததும் செகண்ட் லைன் பீச்சின் தேவை குறைந்தது. கோயம்புத்தூர் பங்குச் சந்தை 2013இலும் சென்னைப் பங்குச் சந்தை 2015இலும் செபியின் அனுமதியுடன் சந்தை என்ற தகுதியிலிருந்து விலகின.

தரகு அலுவலகங்கள் புறநகர்க் கடைவீதிகளுக்கு வந்தன. ஒரு திரை, நான்கு நாற்காலி, ஓய்வுபெற்றவர்கள் சிலர், தேநீர் என்ற காட்சி 2000களில் தமிழகம் முழுவதும் காணப்பட்டது. வாதத்துக்கு முதன்முறையாக ஓர் இடம் கிடைத்தது. தமிழில் அதற்கான சொற்களும் கிடைத்தன. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' நூல் வரிசையும், 'நாணயம் விகடன்' இதழும் ஆங்கிலம் படிக்காத வாசகருக்கும் பி.இ. விகிதத்தையும் ஸ்டாப் லாஸையும் கொண்டுசென்றன.

2008 ஜனவரியில் வந்த ரிலையன்ஸ் பவர் வெளியீடு அந்தத் தலைமுறையின் பெரிய சண்டை. பங்கு 450 ரூபாய். சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி போக 430. அதில் பங்கு வாங்குவதற்கென்றே பலர் புதிதாக டீமேட் கணக்கு தொடங்கினர். வெளியீடு முடிந்த சில நாட்களில், ஜனவரி 21 அன்று சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் சரிந்தது. பிப்ரவரி 11 அன்று பட்டியலிடப்பட்ட பங்கு, முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது. பின்னர் நிறுவனம் 5 பங்குக்கு 3 போனஸ் பங்கு கொடுத்தது. 5 பங்குக்கு 2,150 ரூபாய் கட்டியவரிடம் இப்போது 8 பங்கு. ஒன்றின் அடக்கவிலை 268 ரூபாய் 75 காசு. 'பார்த்தாயா, விலை இறங்கிவிட்டது' என்று இதைக் கொண்டாடியவர்களும் உண்டு. அடக்கவிலை இறங்கினால் பங்கின் மதிப்பு கூடிவிடாது. ஆனால் வைத்திருக்க ஒரு காரணம் தேடுபவருக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆவரேஜ் செய்வது பற்றிய சண்டை

அமெச்சூர் முதலீட்டாளர்களிடையே அதிகச் சூடேறும் வாதம் 'ஆவரேஜ்' பற்றியது. விலை இறங்கிய பங்கை மேலும் வாங்கி, சராசரி அடக்கவிலையைக் குறைப்பதே ஆவரேஜ் செய்வது. ஒருவர் 200 ரூபாய்க்கு 100 பங்கு வாங்குகிறார். விலை 150 ஆனதும் இன்னும் 100 வாங்குகிறார். அவர் போட்டது 35,000 ரூபாய், சராசரி 175. விலை 175க்குத் திரும்பினால் அவருக்கு நஷ்டமில்லை. ஆவரேஜ் செய்யாதவருக்கு 2,500 ரூபாய் நஷ்டம். மாறாக விலை 100 ஆனால், ஆவரேஜ் செய்தவருக்கு நஷ்டம் 15,000, செய்யாதவருக்கு 10,000. கணக்கு இவ்வளவுதான். இரு தரப்பும் ஒரே கணக்கின் வெவ்வேறு வரியைக் காட்டித்தான் வாதிடுகின்றன. எந்த வரி நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் நிலைமை. வாதத்திலோ அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

எஸ் பேங்க் பங்கு இதற்குப் பெரிய சோதனையாக அமைந்தது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய் அளவில் இருந்த பங்கு தொடர்ந்து சரிந்தபோது, 300இலும் 200இலும் 100இலும் 'இது வங்கி, மூழ்க விடமாட்டார்கள்' என்ற வாதம் மேலும் வாங்கத் தூண்டியது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கியின் செயல்பாட்டை நிறுத்திவைத்து, வைப்பாளர் எடுக்கும் தொகைக்கு 50,000 ரூபாய் வரம்பு விதித்தது. மூழ்க விடமாட்டார்கள் என்றவர்கள் சொன்னது ஒரு வகையில் பலித்தது. பாரத ஸ்டேட் வங்கியும் பிற வங்கிகளும் வந்து மீட்டன. வைப்பாளரின் பணம் பிழைத்தது. ஆனால் அவர்கள் பங்கை வாங்கிய விலை 10 ரூபாய். வங்கி பிழைப்பதும் பங்குதாரர் பிழைப்பதும் வெவ்வேறு என்பதை வாதம் கவனிக்கவில்லை. மீட்புத் திட்டத்தின்படி 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவரின் பங்குகளில் 75 சதவீதம் 3 ஆண்டுக்கு முடக்கப்பட்டது. 100 பங்கு வரை வைத்திருந்தவருக்கு அந்த முடக்கம் இல்லை. அதாவது ஆவரேஜ் செய்து எண்ணிக்கையைக் கூட்டியவரே கூடுதலாகச் சிக்கிக்கொண்டார்.

'விற்காதவரை நஷ்டம் இல்லை' என்ற வாசகம் இந்தச் சண்டையின் நிரந்தர ஆயுதம். நஷ்டப் பங்கைப் பிடித்துக்கொள்வதும் லாபப் பங்கைச் சீக்கிரம் விற்பதும் மனித இயல்பு என்பதை ஷெஃப்ரினும் ஸ்டாட்மேனும் 1985இல் எழுதினர். டெரன்ஸ் ஓடீன் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை ஆராய்ந்தார். விற்கப்பட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக ஏறின என்று கண்டார். அவரும் பிராட் பார்பரும் 2000இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்கள் 11.4 சதவீதமே ஈட்டின. 'அது அமெரிக்கா, இங்கே வேறு' என்பதே இதற்கு இங்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட மறுமொழி. நம் ஊர்க் கணக்கு கையில் இல்லாதவரை அதை மறுக்கவும் வழியில்லை.

கைப்பேசிக் காலம்

இந்தியாவில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ் 2000 ஜூனிலும் ஆப்ஷன்ஸ் 2001இலும் வந்தன. பல ஆண்டுகள் அவை சிறு முதலீட்டாளரின் கைக்கு எட்டாத சரக்காகவே இருந்தன. 2016இல் பேங்க் நிஃப்டிக்கும் 2019இல் நிஃப்டிக்கும் வாராந்திர ஆப்ஷன்ஸ் வந்தன. தரகுக் கட்டணம் சரிந்தது. கைப்பேசியிலேயே கணக்கு தொடங்க முடிந்தது. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் விழுந்தது. ஊரடங்கில் வீட்டில் அடைந்திருந்த இளைஞர்கள் அந்தப் பள்ளத்தில் நுழைந்தனர். நாட்டில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின.

வாதத்தின் வேகமும் அதன் இயல்பும் மாறின. சான்றிதழ் காலத்தில் ஒரு முடிவைப் பற்றி மாதக்கணக்கில் பேசலாம். வாராந்திர ஆப்ஷனுக்கு ஆயுள் சில நாட்கள். பலர் அதை வைத்திருப்பது சில நிமிடங்கள். புறநகர் ரயிலில் ஆவடியில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் வாங்கி, விற்று, மீண்டும் வாங்கிவிடலாம். வாதம் முடிவுக்கு முன்னால் நடப்பது நின்று, முடிவுக்குப் பின்னால் நடப்பதாயிற்று. லாபம் காட்டும் திரையைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவது வாதத்தில் சான்று எனக் கருதப்பட்டது. நஷ்டத் திரையை அனுப்புபவர் அரிது. நூறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொரு நாளும் ஐந்து பேர் லாபத்தைக் காட்டினால், ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஐவராக இருந்தாலும், பார்ப்பவருக்கு அந்தக் குழுவே லாபத்தில் இருப்பதாகத் தோன்றும்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. 2003இல் லாட்டரியைத் தடைசெய்த மாநிலம் இது. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் சட்டமும் இயற்றியது. ரம்மியில் பணம் இழந்தவருக்காகச் சட்டசபை கூடும்போது ஆப்ஷனில் பணம் இழப்பது மட்டும் முதலீடா என்ற கேள்வி எழாமல் இருக்காது. பங்கு விலை இறங்கும் ஆபத்திலிருந்து காத்துக்கொள்ள ஏற்பட்ட கருவி ஆப்ஷன். அதை அரசே ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே சூதாட்டமல்ல என்பது ஒரு தரப்பு. காக்க வேண்டிய பங்கே கையில் இல்லாதவர் அதை வாங்குவது வேறென்ன என்பது மறு தரப்பு. சட்டப்படி முதல் தரப்பு சரி. வியாழக்கிழமை மாலைகளில் பல வீடுகளில் நிலவிய அமைதியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது தரப்பும் புரியும். அந்த ஆண்டுகளில் நிஃப்டியின் வாராந்திர ஒப்பந்தம் முடியும் நாள் வியாழன்.

கணக்கு வெளிவந்தது

2023 ஜனவரியில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்னணிப் பத்துத் தரகு நிறுவனங்களின் வாடிக்கையாளர் கணக்குகளைக் கொண்டு, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் செய்த தனிநபர்களின் லாப நஷ்டத்தை அது கணக்கிட்டது. 2018-19இல் 7.1 லட்சமாக இருந்த அத்தகையோர் 2021-22இல் 45.24 லட்சமாகியிருந்தனர். அந்த ஆண்டில் அவர்களில் 89 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரி நஷ்டம் 1.1 லட்சம் ரூபாய். நஷ்டமடைந்தவர்கள் அதற்கு மேல், நஷ்டத்தொகையில் 28 சதவீத அளவைத் தரகு முதலிய வர்த்தகச் செலவாகக் கட்டியிருந்தனர்.

2024 ஜூலையில் வந்த ஆய்வு தினசரி வர்த்தகத்தைப் பற்றியது. 2022-23இல் பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்ற தனிநபர்களில் 10 பேருக்கு 7 பேர் நஷ்டமடைந்தனர். ஆண்டில் 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். பயிற்சி கூடினால் லாபம் கூடும் என்ற வாதத்துக்கு இந்த ஓர் எண் போதும்.

அதே ஆண்டு செப்டம்பரில் மூன்று ஆண்டுகளின் கணக்கு வந்தது. 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் இழந்திருந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதமே. ஈடுபட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் தம் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று அறிவித்திருந்தவர்கள். அவர்கள் எதிர்கொண்டது மற்றச் சிறு முதலீட்டாளர்களை மட்டுமல்ல. கணினி நிரல் மூலம் வர்த்தகம் செய்யும் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் 2023-24இல் ஈட்டிய லாபத்தையும் அதே ஆய்வு பல ஆயிரம் கோடிகளில் காட்டியது.

2024 அக்டோபரில் செபி விதிகளை இறுக்கியது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு 15 லட்சம் ரூபாயானது. வாராந்திர ஒப்பந்தம் ஒரு சந்தைக்கு ஒன்று என்று குறைந்தது. இது பணக்காரருக்கு மட்டும் கதவைத் திறந்துவைக்கும் விதி என்று சிறு வர்த்தகர்கள் பலர் எதிர்த்தனர். பணம் குறைவாக உள்ளவர் நுழையாமல் தடுப்பதுதானே நோக்கம் என்று மற்றவர்கள் கேட்டனர். 2025 ஜூலையில் அடுத்த கணக்கு வெளியானது: 2024-25இல் தனிநபர்களின் நிகர நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய், முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் கூடுதல். நஷ்டமடைந்தவர்கள் 91 சதவீதம். விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவந்தவர்கள் இந்த எண்ணைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினர். விடாதவர்கள் மீதி 9 சதவீதத்தைக் காட்டினர்.